அனலாக் சின்தில் ஒலி செய்யப் பழகுவது: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

என்னிடம் கோர்க் கம்பெனியின் எம்எஸ்-20 மினி என்ற அனலாக் சின்த் (சின்தசைசர்) ஒன்று இருக்கிறது. 1978இல் வந்த எம்எஸ்-20ஐ அதே கோர்க் 2013இல் 86 சதவீத அளவில் மறுபடி செய்து வெளியிட்டது, அதுதான் இது. சனிக்கிழமை மாலையில் அதைத் தொட்டுப் பார்க்க நண்பர்கள் வருவார்கள், நண்பர்களின் தம்பி தங்கைகளும் வருவார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே எழுதி வைத்துவிட்டேன். எடுத்துக்காட்டுகள் எம்எஸ்-20ஐ வைத்து இருக்கும், ஆனால் உங்களிடம் வேறு சின்த் இருந்தாலும் முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

அண்ணா, அனலாக் சின்த்னா என்ன? எங்க வீட்ல இருக்கிற கீபோர்டும் அதுவும் ஒண்ணுதானே?

பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வேறு. கடையில் வாங்கும் சாதாரண கீபோர்டில் பியானோ, வயலின், புல்லாங்குழல் எல்லாம் ஏற்கெனவே தயார் செய்த ஒலியாகச் சிப்பில் இருக்கும், கட்டையை அழுத்தினால் அது எடுத்து ஒலிக்கும். அனலாக் சின்தில் அப்படிச் சேமித்து வைத்த ஒலி எதுவும் கிடையாது. ஒரு சர்க்யூட் மின்னழுத்தத்தை வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை மேலும் கீழும் ஆட்டுகிறது, அந்த ஆட்டம்தான் ஸ்பீக்கர் வழியாக ஸ்வரமாகக் கேட்கிறது.

ஒலி போகும் பாதை எளிது. ஆசிலேட்டர் சத்தத்தை உண்டாக்கும், ஃபில்டர் அதில் ஒரு பகுதியைக் குறைக்கும், ஆம்ப் அது எவ்வளவு சத்தமாக வெளியே போக வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும். இந்த மூன்றையும் நேரப்படி அசைக்க இரண்டு கைகள்: ஒலி தொடங்கி அடங்கும் விதத்தை வரையும் என்வலப், மெதுவாகத் திரும்பத் திரும்ப ஆட்டும் எல்எஃப்ஓ. 1970இல் வந்த மினிமூக் என்ற சின்த் இந்தப் பாதையை இடமிருந்து வலமாக முகப்பில் அடுக்கியது, பெரும்பாலான சின்த்கள் இன்றும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. ஒரு புது சின்த் முன்னால் உட்கார்ந்தால் இடப்பக்கத்திலிருந்து படியுங்கள், பாதி புரிந்துவிடும்.

எனக்கு பாட்டும் தெரியாது, நோட்ஸும் படிக்கத் தெரியாது. கத்துக்க முடியுமா?

முடியும். ஒரே கட்டையை அழுத்திக்கொண்டு ஒரு மணி நேரம் ஒலியை மட்டும் மாற்றிப் பழகலாம். காது வேண்டும், பொறுமை வேண்டும். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரு அனுகூலம் உண்டு, அவர்கள் சுருதி விலகலை உடனே பிடித்துவிடுவார்கள், ஆனால் அதுவும் பழகினால் வரும்.

லேப்டாப்லயே எல்லா சின்த்தும் இருக்கே, எதுக்கு காசு குடுத்து பொட்டி வாங்கணும்?

காசு இல்லையென்றால் வாங்க வேண்டாம், உண்மையாகவே சொல்கிறேன். விசிவி ராக் என்ற சாஃப்ட்வேர் சின்த் இலவசமாகக் கிடைக்கிறது, சர்ஜ் எக்ஸ்டியும் இலவசம், இந்தப் பக்கத்தில் இருக்கும் பெரும்பாலான பயிற்சிகளை அவற்றிலேயே செய்து பார்க்கலாம். ஒலியின் தரத்தில் வித்தியாசம் இருக்கிறதா என்ற சண்டைக்குள் நான் போவதில்லை, பாட்டுக்குள் கலந்தபின் என்னாலும் பல நேரம் பிரித்துச் சொல்ல முடியாது.

கற்றுக்கொள்வதற்குப் பொட்டி ஏன் நல்லது என்பதற்கு என்னிடம் ஒரே காரணம்தான் இருக்கிறது. மவுஸில் ஒரு நேரத்தில் ஒரு நாப்தான் (குமிழ்) திருப்ப முடியும், கண் திரையில் இருக்கும். பொட்டியில் இடது கை கட்ஆஃபிலும் (ஃபில்டர் வெட்டும் இடம்) வலது கை டிகேயிலும் (ஒலி இறங்கும் நேரம்) இருக்க, கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் எதிரெதிராகத் திருப்பலாம், எந்த இடத்தில் ஒலி உயிர் பெறுகிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும். அப்புறம் இன்னொன்று, பொட்டியில் இருப்பது அவ்வளவுதான். வேறு ப்ளகின் தேடிப் போக வழியில்லாதபோது இருப்பதற்குள்ளேயே தோண்ட ஆரம்பிப்பீர்கள்.

முதல்ல எதை வாங்குறது? கன்ஃப்யூஸா இருக்கு.

ஒரு நாப்புக்கு ஒரு வேலை என்று இருக்கும் மோனோ சின்த் வாங்குங்கள், அதாவது ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டும் வாசிப்பது. மெனுவுக்குள் மெனு போகும் எதையும் முதல் சின்தாக வாங்க வேண்டாம். ஆர்ட்டூரியா மைக்ரோபுரூட், கோர்க் மோனோலாக், பழைய ரோலண்ட் எஸ்எச்-101ஐப் பார்த்துச் செய்தவை, இப்படி எது செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் கிடைத்தாலும் சரி. கார்டு, அதாவது பல ஸ்வரம் ஒன்றாக, வாசித்தே ஆக வேண்டும் என்றால் கோர்க் மினிலாக் இருக்கிறது, நான்கு ஸ்வரம் ஒன்றாக வரும், சின்னத் திரையில் அலைவடிவத்தையும் காட்டும். அந்தத் திரை புதிதாகக் கற்பவர்களுக்கு ரொம்பப் பயன்படுகிறது.

வாங்கும்போது அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள். கிடார் பெடல்களுக்கு வரும் 9 வோல்ட் அடாப்டரில் பெரும்பாலும் நடு முனை நெகட்டிவ், எம்எஸ்-20 மினிக்கு நடு முனை பாசிட்டிவ். வோல்ட் ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றிச் செருகக் கூடாது. பொட்டியின் பின்னால் வட்டமும் புள்ளியுமாக ஒரு படம் இருக்கும், அதையும் அடாப்டரில் இருக்கும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆன் பண்ணிட்டேன், லைட் எரியுது, சத்தமே வரலை. ரிப்பேரா?

நூற்றுக்குத் தொண்ணூறு தடவை ரிப்பேர் இல்லை. எம்எஸ்-20இல் இது எல்லோருக்கும் நடக்கிறது, ஏனென்றால் அதில் இரண்டு ஃபில்டர். ஹைபாஸ் ஃபில்டர் கீழ்ப்பகுதியை வெட்டும், லோபாஸ் ஃபில்டர் மேல்பகுதியை வெட்டும். ஹைபாஸ் கட்ஆஃபை முழுக்க வலப்பக்கம் திருப்பினாலோ, லோபாஸ் கட்ஆஃபை முழுக்க இடப்பக்கம் திருப்பினாலோ வெளியே வர ஒன்றும் மிஞ்சாது. யாரோ விளையாடிவிட்டுப் போன பொட்டியில் இரண்டுமே அப்படி இருக்கும்.

ஹைபாஸை முழுக்க இடப்பக்கம், லோபாஸை முழுக்க வலப்பக்கம் கொண்டுபோங்கள். மிக்ஸரில் முதல் ஆசிலேட்டரை ஏற்றுங்கள். இரண்டாவது என்வலப்பில் அட்டாக் சைபர், சஸ்டைன் முழுசு. வலப்பக்கம் துளைகள் இருக்கும் பேட்ச் பேனலில் கேபிள் எதுவும் இருந்தால் உருவிவிடுங்கள். கட்டையை அழுத்துங்கள், வரும். வேறு சின்த் என்றாலும் இதேதான்: மிக்ஸர், ஃபில்டர், என்வலப், இந்த மூன்றில் ஏதோ ஒன்று கதவைச் சாத்தியிருக்கும்.

இவ்ளோ நாப் இருக்கே, எங்க ஆரம்பிக்கிறது?

மேலே சொன்ன நிலையிலிருந்துதான். ஒரு ஆசிலேட்டர், ஃபில்டர் திறந்த நிலை, அசைவு எதுவும் இல்லை. ஒரு ஒலிக்காக நாப்களை வைத்திருக்கும் நிலைக்குப் பேட்ச் என்று பெயர், நான் இதை வெறும் பேட்ச் என்று சொல்வேன், தினமும் உட்காரும்போது முதலில் இங்கே வந்துவிட வேண்டும், நேற்று விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. அங்கிருந்து ஒரு நாப்பை மட்டும் எடுத்து, முழுக்க இடப்பக்கத்திலிருந்து முழுக்க வலப்பக்கம் வரை மெதுவாக, அரை நிமிஷம் எடுத்துத் திருப்புங்கள். என்ன மாறியது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்: மூக்கடைத்த மாதிரி ஆனது, தகரம் மாதிரி ஆனது, தள்ளிப் போனது. உங்கள் சொந்த வார்த்தை எதுவாக இருந்தாலும் சரி. பிறகு அந்த நாப்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். இரண்டு வாரம் இதை மட்டும் செய்தால் போதும் என்று சொல்வேன், யாரும் கேட்பதில்லை, எல்லோரும் மூன்றாவது நாளே எல்லா நாப்பையும் சேர்த்துத் திருப்ப ஆரம்பித்துவிடுகிறார்கள்.

சா டூத், ஸ்கொயர், ட்ரையாங்கிள்... எது எதுக்கு?

110 ஹெர்ட்ஸில் ஒரு ஸ்வரம் வாசிக்கிறீர்கள் என்று வையுங்கள். சா டூத் அலையில் 110உடன் சேர்ந்து 220, 330, 440, 550 என்று எல்லா மடங்கும் இருக்கும், மேலே போகப் போக வலு குறையும். ஸ்கொயரில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டும், 110, 330, 550 என்று. அதனால்தான் அது உள்ளே காலியான குழாய் மாதிரி கேட்கிறது. ட்ரையாங்கிளிலும் ஒற்றைப்படைதான், ஆனால் மேலே போவது மிக வேகமாகத் தேய்ந்துவிடும், அதனால் மென்மை. இந்த மேல் மடங்குகளின் கலவைதான் ஒலியின் நிறம்.

ஃபில்டரால் இருப்பதைக் குறைக்கத்தான் முடியும். ட்ரையாங்கிளை எடுத்துக்கொண்டு லோபாஸை எவ்வளவு ஆட்டினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது, வெட்டுவதற்கு அங்கே சரக்கு இல்லை. பிராஸ், தந்தி, கனமான பேஸ் என்றால் சா டூத்தில் தொடங்குங்கள். ஊது குழல் மாதிரி, மரத்தில் தட்டுவது மாதிரி என்றால் ஸ்கொயர் அல்லது ட்ரையாங்கிள். ஸ்கொயரின் மேல் பாதியை அகலமாக்கிக் குறுக்கும் நாப் (பல்ஸ் அகலம்) இருந்தால் அதைக் குறுக்கிக்கொண்டே போங்கள், மூக்கால் பேசுகிற ஒலி வரும். பின்னால் நாதஸ்வரக் கேள்வியில் இது வேலைக்கு வரும்.

கட்ஆஃப் புரியுது. ரெசொனன்ஸ் எதுக்கு? ஏத்துனா கத்துது.

கட்ஆஃப் எந்த இடத்தில் வெட்டுகிறதோ அந்த இடத்தைச் சுற்றி இருக்கும் பகுதியை ரெசொனன்ஸ் உயர்த்திக் காட்டும். எம்எஸ்-20இல் அந்த நாப்புக்குப் பெயர் பீக். கால்வாசி ஏற்றிவிட்டு கட்ஆஃபை மெதுவாகத் திருப்புங்கள், சா டூத்தில் இருக்கும் மடங்குகள் ஒவ்வொன்றாக விசில் மாதிரி எழுந்து அடங்குவது கேட்கும். போன கேள்வியில் எண்ணாகச் சொன்னதை இங்கே காதால் எண்ணலாம். சனிக்கிழமைக்கு வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான், முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

முழுக்க ஏற்றினால் ஆசிலேட்டர் இல்லாமலேயே ஃபில்டர் தானாக ஒலிக்க ஆரம்பிக்கும். பழுது இல்லை, அதன் இயல்பு. ஆனால் எம்எஸ்-20 போன்றவற்றில் அது திடீரென்று பாயும், அதனால் பீக்கை ஏற்றும்முன் வால்யூமைக் குறையுங்கள், ஹெட்போன் போட்டிருந்தால் கட்டாயம். காது போனால் வராது.

ஏடிஎஸ்ஆர் படிச்சா புரியுது, கையில வரமாட்டேங்குது.

அட்டாக், டிகே, சஸ்டைன், ரிலீஸ் என்ற நான்கு என்வலப் நாப்களின் சுருக்கம்தான் ஏடிஎஸ்ஆர், இங்கேதான் அதிகம் நேரம் செலவழிக்க வேண்டும். எல்லோரும் ஆசிலேட்டரையும் ஃபில்டரையும் பற்றித்தான் பேசுகிறார்கள், என் அனுபவத்தில் ஒரு ஒலி எந்த வாத்தியம் போல இருக்கிறது என்பதை முதலில் தீர்மானிப்பது அது எப்படித் தொடங்கி எப்படி அடங்குகிறது என்பதுதான். 1948இல் பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் என்ற இசையமைப்பாளர் மணி ஒலியைப் பதிவுசெய்து, தட்டும் கணத்தை மட்டும் வெட்டிவிட்டுக் கேட்டார். மணி மணியாகக் கேட்கவில்லை, ஊது வாத்தியம் மாதிரி ஆகிவிட்டது. நம் காது தொடக்கத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் பிடிக்கிறது.

அட்டாக் என்பது கட்டையை அழுத்தியதும் உச்சத்தைத் தொட எடுக்கும் நேரம். டிகே என்பது உச்சத்திலிருந்து சஸ்டைன் அளவுக்கு இறங்கும் நேரம். சஸ்டைன் மட்டும் நேரம் கிடையாது, அது ஒரு மட்டம், கட்டையில் விரல் இருக்கும்வரை ஒலி அந்த மட்டத்தில் நிற்கும். குழப்பத்தில் பாதி இங்கே வருகிறது, நான்கையும் நேரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரிலீஸ் என்பது விரலை எடுத்தபின் ஒலி அடங்கும் நேரம். எம்எஸ்-20இல் கூடுதலாக ஹோல்ட் என்று ஒன்று உண்டு, விரலை எடுத்தாலும் கொஞ்ச நேரம் கட்டை அழுத்தியபடியே இருப்பதாக அது பாவிக்கும்.

கையில் வர ஒரு பயிற்சி. சா டூத் ஒன்று, லோபாஸ் பாதி மூடியது. அட்டாக் சைபர், சஸ்டைன் சைபர், டிகே மட்டும் நடுவில்: வீணைத் தந்தியை மீட்டிய மாதிரி. டிகேயைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், மீட்டல் தட்டலாக மாறும், இன்னும் குறைத்தால் ஸ்வரம் மறைந்து வெறும் டிக் ஆகிவிடும். இப்போது அட்டாக்கைக் கால்வாசி, சஸ்டைனை முழுசு என்று வையுங்கள், அதே அலை, அதே ஃபில்டர், வில் போட்ட வயலின் பக்கம் போய்விடும். பிறகு அதே என்வலப்பை ஃபில்டர் கட்ஆஃபுக்கும் கொஞ்சம் கொடுங்கள் (எம்எஸ்-20இல் லோபாஸுக்குக் கீழே இருக்கும் இஜி2 நாப், இஜி2 என்றால் இரண்டாவது என்வலப்). தொடக்கத்தில் பிரகாசமாக வந்து, போகப் போக மங்கும். மீட்டும் தந்தி நிஜத்திலும் அப்படித்தான் நடந்துகொள்கிறது, மேல் மடங்குகள் முதலில் சாகும்.

எல்எஃப்ஓ போட்டாலே போலீஸ் சைரன் மாதிரி ஆயிடுது.

அளவு அதிகம். எல்எஃப்ஓ என்பது காதுக்கு எட்டாத மெதுவான ஆசிலேட்டர், எம்எஸ்-20இல் அதற்கு எம்ஜி என்று பெயர். அதைச் சுருதிக்குக் கொடுத்து, வினாடிக்கு ஐந்து ஆறு ஆட்டம் என்று வைத்து, ஆழ நாப்பைச் சைபரிலிருந்து ஒரு மயிரிழை மட்டும் ஏற்றுங்கள். ‘இருக்கா இல்லையா’ என்று சந்தேகம் வரும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். பாடகர் குரலில் வரும் அசைவு அந்த வேகத்தில்தான் இருக்கும். சுருதிக்குப் பதிலாகக் கட்ஆஃபுக்குக் கொடுத்தால் வா-வா என்று வாயைத் திறந்து மூடும்.

ரெண்டு ஆசிலேட்டர் போட்டும் ஒல்லியா கேக்குது.

இரண்டும் அச்சாக ஒரே சுருதியில் இருந்தால் கொஞ்சம் சத்தம்தான் கூடும், அகலம் வராது. இரண்டாவதன் பிட்ச் நாப்பைத் துளி நகர்த்துங்கள். ஒன்று 220 ஹெர்ட்ஸ், இன்னொன்று 221 என்றால் வினாடிக்கு ஒரு முறை ஒலி எழுந்து தாழும். தம்புராவைச் சுருதி சேர்க்கும்போது கேட்குமே, இரண்டு தந்தி நெருங்க நெருங்க அந்த அலை மெதுவாகி நின்றுவிடும், அதே விஷயம். நமக்கு இங்கே அது நின்றுவிடக் கூடாது, வினாடிக்கு ஒன்று ஒன்றரை என்று நடக்க விட வேண்டும்.

ஸ்தாயி ஏறினால் வித்தியாசமும் ஏறும், 220க்கு 221 என்பது 440க்கு 442 ஆகிவிடும், அலைப்பு இரண்டு மடங்கு வேகமாகும். அதனால் பேஸுக்குச் சேர்த்த இடைவெளி மேல் ஸ்தாயியில் படபடக்கும், வாசிக்கப் போகும் இடத்தில் வைத்துத்தான் சேர்க்க வேண்டும். கனம்தான் வேண்டும் என்றால் இரண்டாவதை ஒரு ஸ்தாயி கீழே போட்டுப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.

நேத்து சூப்பரா ஒரு சவுண்ட் பண்ணேன், இன்னைக்கு வரவே மாட்டேங்குது.

எம்எஸ்-20க்கு நினைவகம் கிடையாது, அதே 1978இல் வந்த ப்ராஃபெட்-5 என்ற சின்த்தான் செய்த ஒலியைச் சேமித்து ஒரே பட்டனில் திரும்ப எடுக்கும் வசதியைப் பெரிதாகப் பரப்பியது. நினைவகம் இல்லாத பொட்டி என்றால் போனில் நேர் மேலிருந்து ஒரு படம் எடுங்கள், கூடவே பத்து வினாடி ஒலியையும் பதிவு செய்யுங்கள். படத்தை மட்டும் நம்ப முடியாது. ரெசொனன்ஸ் உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது நாப் ஒரு கடுகளவு நகர்ந்தாலும் வேறு ஒலி, அந்தக் கடுகளவைப் படம் காட்டாது, பதிவைக் கேட்டுக்கொண்டே காதால்தான் அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். அப்படித் தேடிப் பிடிக்கும் அரை மணி நேரத்தில் புதிதாகச் செய்வதைவிட அதிகம் கற்றுக்கொள்வீர்கள்.

சுருதி நிக்க மாட்டேங்குது. பழசாயிடுச்சா?

ஆன் செய்த உடனே சுருதி சேர்த்தீர்களா? அதுதான் காரணமாக இருக்கும். கட்டையின் மின்னழுத்தத்தை ஸ்வரமாக மாற்றும் சர்க்யூட்டில் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் சூட்டுக்கு ஏற்ப மாறும். ஆன் செய்து பத்து இருபது நிமிஷம் விடுங்கள், பிறகு சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் வைக்காதீர்கள், ஜன்னல் வெயிலிலும் வேண்டாம். அதற்கு அப்புறமும் மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் சேராமல் போனால் உள்ளே ட்ரிம்மர் (சரிசெய்யும் சின்னத் திருகு) பார்க்க வேண்டும், அது தெரிந்தவர் கையில் போகட்டும்.

நாப் திருப்பும்போது கரகர என்றால் அது வேறு, உள்ளே தூசி. எங்கள் ஊர் மாதிரி கடற்காற்று அடிக்கும் இடத்தில் சீக்கிரம் வரும். வாசிக்காதபோது ஒரு பருத்தித் துணி போட்டு மூடுங்கள்.

ஒரு ஒலியைக் கேட்டா அதே மாதிரி செய்யணும். எந்த ஆர்டர்ல யோசிக்கணும்?

நான் கேட்கும் வரிசை இது. முதலில், எப்படித் தொடங்குகிறது, எப்படி அடங்குகிறது? அடுத்து, ஒலி நிற்கும்போது நிறம் மாறுகிறதா, அப்படியே இருக்கிறதா? பிறகு, சுருதி நேராக இருக்கிறதா, ஆடுகிறதா? கடைசியில்தான் எந்த அலை என்று யோசிப்பேன். ஏன் இப்படித் தலைகீழாக என்றால், காரணம் ஏடிஎஸ்ஆர் கேள்வியில் இருக்கிறது.

நாதஸ்வரத்தை எடுத்துக்கொள்வோம், இதை நான் பல வாரம் துரத்தியிருக்கிறேன். தொடக்கம் வேகம், ஆனால் தட்டியது மாதிரி இல்லை, அட்டாக் ஒரு துளி வேண்டும். ஊதத் தொடங்கும்போது சுருதி கொஞ்சம் கீழிருந்து எழும்பி நிற்பதுபோல் எனக்குக் கேட்கிறது, அதனால் முதல் என்வலப்பைச் சுருதிக்கு மிகமிகக் கொஞ்சமாகக் கொடுத்தேன். நிற்கும் ஒலி மங்குவதில்லை, சஸ்டைன் முழுசு. அலைக்குக் குறுகிய பல்ஸ். இதுவரை செய்தால் பொம்மை பீப்பி மாதிரிதான் இருக்கும். திருப்பம் வந்தது இரண்டு ஃபில்டரையும் நெருக்கியபோது: ஹைபாஸை ஏற்றி, லோபாஸை இறக்கி, நடுவில் ஒரு சன்னல் மட்டும் விட்டு, இரண்டு பீக்கையும் பாதிக்கு ஏற்றினேன். அந்தச் சன்னலின் இரண்டு ஓரமும் உயர்ந்து, வாயைக் குவித்து ஊதுகிற நிறம் வந்துவிட்டது. கோயில் வாசலில் கேட்கும் நாதஸ்வரம் அது இல்லை, ஆனால் அடுத்த அறையிலிருந்து அம்மா ‘யாரு ஊதுறது’ என்று கேட்டார்.

கமகம் வருமா?

கட்டையால் மட்டும் வராது. போர்ட்டமென்டோ என்ற நாப் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிக்கொண்டு போகும், ஜாருவுக்கு அது ஓரளவு உதவும். கம்பிதத்துக்கு (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) எல்எஃப்ஓ வைக்கலாம் என்று எல்லோரும் முயல்கிறார்கள், சரியாக வராது, ஏனென்றால் எல்எஃப்ஓ ஒரே வேகத்தில் ஒரே அகலத்தில் ஆடும். கமகத்தில் ஒவ்வொரு ஆட்டமும் வேறு, எங்கே நிற்பது எங்கே தொட்டுவிட்டுத் திரும்புவது என்பதில்தான் ராகமே இருக்கிறது. அதைக் கையால்தான் செய்ய வேண்டும். எம்எஸ்-20இல் இடப்பக்கச் சக்கரத்திலிருந்து ஒரு கேபிளை டோட்டல் என்ற துளைக்குப் போட்டால், சுருதிப் பகுதியில் இருக்கும் எம்ஜி நாப்பே சக்கரத்தின் வீச்சைத் தீர்மானிக்கும். முழுத் திருப்பு இரண்டு மூன்று அரைஸ்வரம் வரும்படி வைத்து, ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தால் மட்டும் பாட முயலுங்கள். கை பழக மாசக்கணக்கில் ஆகும்.

ராகமும் அனலாக் சின்தும் சந்தித்தது புதிதும் இல்லை. 1982இல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற இசைக் கலைஞர் ரோலண்டின் ஜூப்பிட்டர்-8, டிபி-303 சின்த்கள், டிஆர்-808 ட்ரம் மெஷின் மூன்றையும் வைத்து டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை வாசித்து ஒரு ரெக்கார்டுக்காகப் பதிவு செய்தார். அதே 303ஐ வைத்து சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை பிறந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான்.

ட்ரம் சவுண்ட் செய்யலாமா இதுல?

செய்யலாம். ரெசொனன்ஸ் கேள்வியில் ஃபில்டர் தானாக ஒலிக்கும் என்று சொன்னேன் இல்லையா, அதை எடுத்துக்கொள்ளுங்கள். மிக்ஸரில் இரண்டு ஆசிலேட்டரும் சைபர், லோபாஸ் பீக் முழுசு, கட்ஆஃப் மிகக் கீழே. இஜி2வின் அட்டாக் சைபர், சஸ்டைன் சைபர், டிகே சின்னது, அதைக் கட்ஆஃபுக்குக் கொடுங்கள். மேலிருந்து சட்டென்று கீழே விழும், கிக் ட்ரம். டிகேயை நீட்டினால் தும் என்று இழுக்கும். முதல் ஆசிலேட்டரை நாய்ஸுக்கு (வெறும் இரைச்சல்) மாற்றி மிக்ஸரில் ஏற்றி, லோபாஸைத் திறந்து, பீக்கைக் குறைத்து ஹைபாஸை ஏற்றினால் ஹைஹேட்.

அந்த வலப்பக்கத் துளைகளைப் பார்த்தாலே பயமா இருக்கு. தப்பா சொருகினா எரிஞ்சிடுமா?

பொட்டிக்குள்ளேயே அதன் துளைகளை ஒன்றோடொன்று இணைக்கும்வரை பயப்பட ஒன்றும் இல்லை, அங்கே ஓடுவது சில வோல்ட்தான். அவுட்டிலிருந்து இன்னுக்குப் போடுங்கள், அவுட்டையும் அவுட்டையும் இணைக்காதீர்கள், அவ்வளவுதான் விதி. கேபிளே போடாமலும் எம்எஸ்-20 முழுசாக வேலை செய்யும், உள்ளே எல்லாம் ஏற்கெனவே இணைத்திருக்கிறது. கேபிள் போடும்போது அந்த இணைப்பில் ஒன்றை மாற்றுகிறீர்கள்.

மற்ற பொட்டிகளோடு இணைக்கும்போதுதான் கவனம் வேண்டும். தனித்தனிப் பகுதிகளைக் கேபிளால் இணைக்கும் மாடுலர் சின்த் உலகில் பெரும்பாலும் ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்ற கணக்கு. எம்எஸ்-20 ஒவ்வொரு ஸ்தாயிக்கும் வோல்ட்டை இரட்டிப்பாக்கும் வேறு கணக்கில் ஓடுகிறது. இரண்டையும் நேராக இணைத்தால் எதுவும் எரியாது, சுருதி மட்டும் சேரவே சேராது. நடுவில் மாற்றித் தரும் ஒரு கருவி வேண்டும், இல்லையென்றால் மிடி (கருவிகள் பேசிக்கொள்ளும் டிஜிட்டல் இணைப்பு) வழியாகப் போய்விடுங்கள்.

தனியா கேட்டா பிரமாதம், பாட்டுல போட்டா எல்லாத்தையும் அமுக்கிடுது.

தனியாகக் கேட்டு ரசித்தபோது எல்லா அலைவரிசையையும் நிரப்பிவிட்டீர்கள். பாட்டை ஓடவிட்டுக்கொண்டே ஹைபாஸை ஏற்றுங்கள், பேஸுக்கும் கிக்குக்கும் வழி கிடைக்கும்வரை. பிறகு ரிலீஸைக் குறையுங்கள், வால் ஒட்டிக்கொண்டு அடுத்த ஸ்வரத்தை மூடுவது நின்றுவிடும். தனியாகக் கேட்டால் இப்போது ஒல்லியாக இருக்கும், பரவாயில்லை, அதை யாரும் தனியாகக் கேட்கப் போவதில்லை.

மைக்ல பாடினா சின்த் கூடவே வாசிக்கும்னாங்களே, நெஜமா?

எம்எஸ்-20இல் நிஜம். கீழ் வலப்பக்கம் இஎஸ்பி என்று ஒரு பகுதி இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒலியின் சுருதியை அளந்து மின்னழுத்தமாக மாற்றும், சத்தம் ஏறி இறங்குவதையும் தனியாக ஒரு துளையில் தரும், ஒலி தொடங்கும் கணத்தில் ஒரு ட்ரிகரும், அதாவது ‘தொடங்கு’ என்ற சைகையும், தரும். சுருதி மின்னழுத்தம் வரும் சிவி அவுட்டை ஆசிலேட்டர்களின் சிவி இன்னுக்கும், ட்ரிக் அவுட்டை என்வலப்களின் ட்ரிக் இன்னுக்கும் போட்டால் ஆரம்ப இணைப்பு முடிந்தது.

அதன்பின் எல்லோரும் வார்த்தையோடு பாடிப் பார்த்துவிட்டு, குதித்துக் குதித்துப் போகிறது, வேலை செய்யவில்லை என்பார்கள். ‘ச’, ‘க’ போன்ற எழுத்துகளில் பிடித்துக்கொள்ள சுருதியே இல்லை, ‘ஆ’காரத்தில் மேல் மடங்குகள் நிறைய இருப்பதால் கருவி எதைப் பிடிப்பது என்று தடுமாறும், அலைவடிவக் கேள்வியில் பார்த்த அதே மடங்குகள்தான். வாயை மூடி ‘ம்’ என்று பாடுங்கள். இஎஸ்பியின் ஹை கட் நாப்பை இறக்கி, குரலின் அடிச் சுருதி மட்டும் உள்ளே போகும்படி செய்யுங்கள், லோ கட்டால் ஃபேன் இரைச்சலை நிறுத்துங்கள், த்ரெஷோல்டை மெதுவாகத் திருப்பி ட்ரிகர் விளக்கு நீங்கள் ஆரம்பிக்கும்போது மட்டும் எரிகிற இடத்தில் விடுங்கள். ஒரு சின்ன மைக் ப்ரீஆம்ப் இருந்தால் இன்னும் நிதானமாகப் பிடிக்கும்.

சக்கரத்தில் மாசக்கணக்கில் பழக வேண்டிய அந்தக் கம்பிதத்தை இப்போது தொண்டையிலேயே போட்டு, மேலே சொன்ன நாதஸ்வர பேட்சைத் திறந்து வைத்துக்கொண்டு, தோடியின் காந்தாரத்தை ‘ம்’ என்று பிடித்துப் பாருங்கள். பத்தில் ஆறு தடவை வழுக்கிவிடும். மீதி நான்கு தடவை, நீங்கள் ஆட்டிய ஆட்டமெல்லாம் ஸ்பீக்கரில் அப்படியே வரும்.